மடக்குக் கத்தியின் மறைந்த குணம்

கடைவீதியிலே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதனுள் இரண்டு மடக்குக் கத்திகள் பக்கத்திற் பக்கமாகக் கிடக்கின்றன. இரண்டும் ஒரே நீளம். இரண்டின் அலகும் முகம் பார்க்கும்படி மினுங்குகின்றன. இரண்டின் பிடியும் மான்கொம்பின் நிறம். விலையில் மாத்திரம் ஒன்று மற்றதிலும் ஐந்து மடங்கு. வாங்க வந்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார். கண்ணுக்குப் புலப்படும் வேற்றுமை யாதொன்றுமில்லை. ஆகவே மலிவானதை வாங்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு போகிறார். மூன்று மாதம் கழியுமுன் அலகு ஆடத் தொடங்குகிறது. மாங்காய்ப் பால் பட்ட இடம் கறுத்துக் குழிகிறது. ஒருநாள் கயிறொன்றை அறுக்கும்போது, அலகு தானாகவே மடங்கி அவர் விரலைப் பதம் பார்த்துவிடுகிறது.

நேயர்களே, அவரைக் குறை கூறுதல் பொருந்தாது. மடக்குக் கத்தி, பேனாக்கத்தி, வில்லுக்கத்தி என்று பல பெயரால் வழங்கும் இந்தச் சிறு கருவியின் முக்கியமான குணங்கள் யாவும் மறைந்தே இருக்கின்றன. அலகு எத்தகைய உருக்கினால் ஆனது, அவ்வுருக்கு எவ்வாறு காய்ச்சித் தோய்க்கப்பட்டது, உள்ளே இருக்கும் வில் எத்துணை வலியது, அலகைத் தாங்கும் ஆணி எவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியுள்ளது ஆகிய இவற்றுள் ஒன்றையேனும் பளபளப்பு வெளிக்காட்டாது. மாறாக, மறைத்துவிடவும் கூடும். காணாத ஒன்றை நம்பிப் பணம் கொடுப்பது எவ்வாறு? கத்தி செய்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே நெடுங்காலமாக நிற்கும் கேள்வி இதுவே. கத்தித் தொழிலின் வரலாற்றிற் பெரும்பகுதி இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறு எனலாம்.

முதலில் உருக்கைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். இரும்போடு காபன் சிறிதளவு கூடியதே உருக்கு. காபன் நூற்றுக்குக் காற்பங்கிலும் குறைந்தால், உலோகம் வளைந்து கொடுக்கும். அதிற் கூர் நெடுநேரம் நில்லாது. நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேற்பட்டால் அது வார்ப்பிரும்பாகிவிடும். ஓங்கி அடித்தால் உடையும். கத்தி அலகுக்குரிய சாதாரண உருக்கில் நூற்றுக்கு அரைப்பங்கு முதல் ஏறத்தாழ ஒரு பங்கு வரை காபன் இருக்கும். இத்துணைச் சிறு வேறுபாட்டிலே கத்தியின் தலைவிதி தங்கியிருக்கின்றது.

ஆயினும் நல்ல உருக்கு மாத்திரம் நல்ல கத்தி ஆகிவிடாது. கொல்லன் அதனை ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வரை செக்கச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயிலோ நீரிலோ சட்டென்று தோய்க்கிறான். அப்போது அது கண்ணாடிபோல் வன்மை பெறுகிறது. கண்ணாடிபோலவே எளிதில் உடையவும் செய்யும். ஆகையால் மீண்டும் மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்துகிறான். துலக்கிய உருக்கின்மேல் அப்போது நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படரும். 200 பாகையைச் சற்றுக் கடந்ததும் வைக்கோல் நிறம் தோன்றும். பின்னர் மண்ணிறமும் ஊதாவும் வரும். 300 பாகையை அண்மியதும் நீலம் பரவும். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் வன்மை மிகுந்த அலகு கிடைக்கும். நீலம் வரும்வரை விட்டால், வன்மை தணிந்து, வளைந்து நிமிரும் வில் கிடைக்கும். மடக்குக் கத்தி ஒன்றினுள்ளே இவ்விரு பதங்களும் அடுத்தடுத்து இருந்து வேலை செய்கின்றன. பதம் தப்பினால் அலகு மழுங்கும், அல்லது வில் முறியும். வெப்பமானி இல்லாத காலத்துக் கொல்லன் இவை யாவற்றையும் தன் கண் ஒன்றைக்கொண்டே அளந்தான். அலகை மினுக்கியவுடன் அந்நிறங்கள் அழிந்துவிடும். அவன் சரியாகச் செய்தானா, தவறாகச் செய்தானா என்பதற்குரிய சாட்சியும் அவற்றோடு அழிந்துவிடுகிறது.

எனவே வாங்குபவனுக்குச் சாட்சியாக வேறொன்று தேவைப்பட்டது. அதுவே பெயர்.

இங்கிலாந்தின் வடபாலுள்ள ஷெபீல்ட் நகரம் இவ்வாறு பெயர் பெற்ற ஊராகும். சாணைச் சக்கரங்களைச் சுழற்றத்தக்க ஓடைகளும், சாணைக்கு வேண்டிய மணற்கல்லும் அயலிலேயே கிடைத்தமை அதன் நற்பேறு. 14ஆம் நூற்றாண்டில் ஜெப்ரி சோசர் என்னும் ஆங்கிலப் புலவர் இயற்றிய கன்டர்பரிக் கதைகளில் வரும் மாவாலைக்காரன் ஒருவன் ஷெபீல்ட்டுக் கத்தியொன்றைத் தன் காலுறையிற் செருகி வைத்திருக்கிறான். அக்காலத்திலேயே ஊரின் பெயர் கத்தியின் குணத்துக்குப் பிணை நின்றது போலும். 1624ஆம் ஆண்டிற் பாராளுமன்றச் சட்டத்தினால் அங்குக் கத்திக் கம்மியர் சங்கம் நிறுவப்பட்டது. கம்மியர் தத்தமக்கெனப் பதிவு செய்த அடையாளத்தை அலகின் அடியிற் பொறித்தனர். கத்தி பழுதானால் எவர்மீது குற்றம் சுமத்தலாம் என்பதை அச்சிறு குறி சொல்லிற்று.

அதே ஷெபீல்ட்டின் அயலில் 1740ஆம் ஆண்டளவில் பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன் என்னும் கடிகாரக் கம்மியர் ஒருவர் உருக்கினைச் செம்மைப்படுத்த முயன்றார். கடிகார வில்லுக்குக் கிடைத்த உருக்கு ஓரிடத்தில் வன்மையாகவும் ஓரிடத்தில் மென்மையாகவும் இருந்தமை அவருக்கு மனக்குறை. களிமண் மூசையில் உருக்கை முற்றாக உருக வைத்து, எங்கும் ஒரே தன்மையான உருக்கை அவர் ஆக்கினார். உள்ளூர்க் கத்திக் கம்மியரோ, அது மிகக் கடினம், அடித்து நீட்ட இயலாது என்று தள்ளிவிட்டனர். பிரான்சு நாட்டவர் அதனை விரும்பி வாங்கி அருமையான கத்திகள் செய்யத் தொடங்கிய பின்னரே ஷெபீல்ட் விழித்துக்கொண்டது என்று சொல்லப்படுகிறது.

இம்முறை ஐரோப்பாவுக்குப் புதிதேயன்றி உலகுக்குப் புதிதன்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே மண் மூசையில் உருக்கு ஆக்கப்பட்டது. இலங்கையில் எஞ்சியிருந்த அத்தொழிலைக் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளிவந்த தமது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விவரித்துள்ளார். ஐரோப்பியர் இவ்வுருக்கினை 'வூட்ஸ்' என்று வழங்கினர். கன்னடத்து 'உக்கு' என்னும் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. அந்த உக்கும் தமிழிலுள்ள உருக்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 1795ஆம் ஆண்டில் ஜோர்ஜ் பியர்சன் என்னும் மருத்துவர் வூட்ஸ் உருக்கைப் பற்றிய தம் ஆராய்ச்சியை இலண்டன் வேத்தியற் கழகத்தின் வெளியீட்டில் எழுதினார். அவ்வாராய்ச்சியின்போது ஜேம்ஸ் ஸ்டோடாட் என்னும் இலண்டன் கம்மியர் வூட்ஸ் துண்டொன்றை அடித்து எதனைச் செய்தார் தெரியுமா? வாளன்று, ஈட்டியன்று, ஒரு சிறு பேனாக்கத்தி. அடிப்பதற்குப் பெரிதும் முயல வேண்டியிருந்த போதிலும், அதன் கூர் சிறந்த ஆங்கில உருக்கின் கூருக்குச் சற்றும் இளைக்கவில்லை என்பது அவர் கண்ட முடிவு. உருக்கின் உண்மைக் குணத்தை அளப்பதற்கு அறிஞரும் இறுதியில் ஒரு பேனாக்கத்தியையே நாடினர்.

பெயர் பிணை நிற்கும் இடத்திற் போலியும் தோன்றும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜேர்மனியின் சோலிங்கன் நகரம் ஷெபீல்ட்டுக்குப் போட்டியாக எழுந்தது. தரங்குறைந்த இரும்பிற் செய்த கத்திகளிலும் கத்தரிக்கோல்களிலும் தம் ஊர்ப் பெயரைப் பொறித்து ஜேர்மானியர் விற்கின்றனர் என்பது ஷெபீல்ட்டுக் கம்மியரின் முறைப்பாடு. கொல்லத் தெருவில் ஊசி விற்றது மாத்திரமன்றி, அவ்வூசியின்மேல் கொல்லனுடைய பெயரையே பொறித்தும் விற்றனர் என்று அவர்கள் கொதித்தனர். 1887ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் வணிகக் குறிச் சட்டத்தை நிறைவேற்றியது. பிரித்தானியப் பொருளென மயங்கத்தக்க குறியோடு பிறநாட்டுப் பொருள் வருமாயின், அது எந்த நாட்டிற் செய்யப்பட்டது என்பதும் அதன்மேற் காணப்படல் வேண்டுமென அச்சட்டம் விதித்தது.

பின்னர் நிகழ்ந்ததுதான் வியப்புக்குரியது. 'ஜேர்மனியிற் செய்யப்பட்டது' என்னும் சொற்கள் இழிவைக் காட்டுமென்று எதிர்பார்க்கப்பட்டன. சோலிங்கன் கம்மியரோ தம் தொழிலைத் திருத்திக்கொண்டனர். சில பத்தாண்டுகளில் அச்சொற்களே தரத்தின் முத்திரையாயின. பிறகு சோலிங்கனின் பெயரையே பிறர் திருடத் தொடங்கினர். 1938ஆம் ஆண்டில் அந்நகரத்துக்கென ஒரு தனிச்சட்டம் வேண்டியதாயிற்று. செய்முறையின் முக்கியமான கட்டங்கள் யாவும் சோலிங்கன் எல்லைக்குள் நடந்தாலன்றி அப்பெயரைப் பொறிக்கலாகாது என்பது அதன் சாரம். நேற்றுக் குற்றஞ்சாட்டப்பட்டவன் இன்று முறைப்பாட்டுக்காரன் ஆனான். பெயர் என்பது ஒருமுறை தேடி வைத்துவிட்டு உறங்கத்தக்க பொருளன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, துருவின் கதைக்கு வருவோம். காபன் உருக்கு அருமையாகத் தீட்டுப்படும். ஆனால் புளியும் உப்பும் ஈரமும் அதன் பகைவர். 1913ஆம் ஆண்டில் ஷெபீல்ட் ஆய்வுகூடமொன்றில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்களின் உட்புறம் அரிக்கப்படுவதைத் தடுக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு குரோமியம் கலந்த உருக்கொன்று, மற்றவற்றை அரிக்கும் அமிலத்துக்கு இணங்காதிருத்தலைக் கண்டார். குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடிக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வையொன்றை அலகின்மேல் விரிக்கின்றது. கீறினாலும் அப்போர்வை தானே மீண்டும் மூடிக்கொள்ளும். இது கத்திக்கு ஏற்றதென்று பிரியர்லி உணர்ந்தார். ஆனால் அவ்வூர்க் கம்மியர் சிலர், வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரை நகையாடினர். நகையாட்டில் ஓரளவு உண்மையும் இருந்தது. பழைய உருக்குக்குப் பழகிய வெப்பத்தில் இதனைத் தோய்த்தால் வன்மை ஏறாது. 1000 பாகைக்கு மேற் காய்ச்சவேண்டும். குற்றம் உருக்கினுடையதன்று, அதன் பதத்தை அறியாத உலையினுடையது. துருப்பிடியா உருக்குக் கத்தி மழுங்கும் என்று இன்றும் சிலர் கூறுவது அக்காலத்து எச்சமே. நன்கு பதப்படுத்தினால் அது நன்றாகவே வெட்டும். கடற்காற்று வீசும் ஊர்களில் வாழ்வோருக்கு அதுவே பெரும்பாலும் ஏற்றது.

உலகெங்கும் அன்றாடம் பயன்படும் இரு கத்திகளை எடுத்துப் பார்த்தால் இவ்வுண்மைகள் மேலும் விளங்கும்.

ஒன்று பிரான்சின் சவோய் மலைநாட்டிலே பிறந்தது. ஜோசெப் ஒப்பினெல் என்பவர் 1890ஆம் ஆண்டளவில் உழவர்க்கென அதனை அமைத்தார். பீச் மரத்துப் பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஓர் இரும்பு வளையம் ஆகிய நான்கே உறுப்புகள். அதில் வில் கிடையாது. மரத்தின் இறுக்கமே அலகைப் பிடித்து நிறுத்தும். 1955ஆம் ஆண்டில் சுழலும் பூட்டு வளையமொன்று சேர்க்கப்பட்டது. வளையத்தைத் திருப்பிவிட்டால் அலகு கைமேல் மடங்காது. காபன் உருக்கிலும் துருப்பிடியா உருக்கிலும் அது கிடைக்கின்றது. அலகு மெலிந்ததாதலால் பழத்தையும் பாணையும் வழுவழுவென்று அறுக்கும். குறையும் உண்டு: நனைந்தால் மரம் ஊதி அலகு இறுகிக்கொள்ளும். விலை குறைந்த பொருளாயினும் அது போலியன்று. எந்த இடத்திற் சிக்கனம் செய்யலாம், எந்த இடத்திற் செய்யலாகாது என்பதை அதனைச் செய்தவர் நன்கறிந்திருந்தார்.

மற்றது சுவிற்சர்லாந்துக்குரியது. கார்ள் எல்சனர் என்பவர் 1884ஆம் ஆண்டில் ஈபாக் என்னும் ஊரிற் கத்திப் பட்டறை திறந்தார். அக்காலத்திற் சுவிஸ் படைவீரருக்கென வகுக்கப்பட்ட கத்தியின் முதற் தொகுதி சோலிங்கனிலிருந்தே வந்தது. அத்தொழில் தம் நாட்டிலேயே நடைபெறல் வேண்டுமென்று விரும்பிய எல்சனர், 1891ஆம் ஆண்டு முதல் படைக்குக் கத்தி வழங்கலானார். 1897ஆம் ஆண்டில் அவர் பதிவு செய்த கத்தியிலே, ஒரே வில் பிடியின் இருபுறத்துக் கருவிகளையும் தாங்கும்படி அமைந்திருந்தது. 1909ஆம் ஆண்டில் இறந்த தம் தாயாரின் நினைவாக விக்டோரியா என்னும் பெயரைச் சூட்டினார். 1921ஆம் ஆண்டில் துருப்பிடியா உருக்கு வந்தபோது, அதனைக் குறிக்கும் 'இனொக்ஸ்' என்னும் சொல் அப்பெயரோடு சேர, விக்டோரினொக்ஸ் ஆயிற்று.

இக்கத்தியின் உள்ளமைப்பில் ஒரு பாடம் இருக்கின்றது. றொக்வெல் என்னும் வன்மை அளவையில் அதன் பெரிய அலகு 56. அரமும் கத்தரிக்கோலும் 53. தகரம் திறக்கும் கருவி 52. வில்லோ 49. எல்லா உறுப்பையும் உச்ச வன்மைக்கு ஏற்றிவிடுவது அவர்களால் இயலாததன்று. அவ்வாறு செய்திருந்தால் தகரந் திறப்பான் உடையும், வில் முறியும். ஒவ்வோர் உறுப்புக்கும் அதன் தொழில் எதுவோ அதற்கேற்ற பதமே கொடுக்கப்பட்டிருக்கின்றது. 56 என்பதும் இக்காலத்து விலையுயர்ந்த அலகுகளை நோக்கக் குறைவே. ஆனால் அத்தகைய அலகு விரைவில் மழுங்கினாலும் விரைவிலேயே தீட்டுப்படும்.

தூளாக்கிய உலோகத்தை அழுத்திச் சேர்த்துச் செய்யும் புதுவகை உருக்குகள் 60க்கு மேற்பட்ட வன்மையோடு இன்று விற்பனையாகின்றன. வனேடியம் கலந்த அவை மாதக்கணக்கிற் கூர் மழுங்காதிருக்கும். ஆனால் மழுங்கிய பின்னர் வீட்டிலுள்ள சாதாரணத் தீட்டுக்கல் அவற்றிடம் தோற்றுவிடும். நெம்பினால் விளிம்பு சிதறவும் கூடும். கூர் நிற்றல், உடையாமை, துருவேறாமை, எளிதில் தீட்டுப்படல் ஆகிய நான்கையும் முழு அளவில் தரும் உருக்கு இன்னும் பிறக்கவில்லை. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றிற் சிறிது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். விளம்பரம் பெறுவதை மாத்திரம் கூறும், விட்டுக்கொடுத்ததைக் கூறாது. ஆகையால் எந்த உருக்குச் சிறந்தது என்று கேட்பதிலும், என்ன வேலைக்குச் சிறந்தது என்று கேட்பதே அறிவுடைமை.

அப்படியாயின், கடையின் முன் நிற்பவர் செய்யத்தக்கது யாது? மறைந்த குணத்தை முற்றாகக் காண இயலாவிடினும், அதன் நிழலைக் காணலாம். கத்தியை மெல்லத் திறந்து, விரித்த அலகின் நுனியை இடமும் வலமுமாக அசைத்துப் பார்க்கவேண்டும். புதுக் கத்தியே ஆடுமாயின், அதனைத் தாங்கும் ஆணி சரியாகப் பொருந்தவில்லை. வில் உள்ள கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நோக்கவேண்டும். வில்லுக்கும் பக்கத்தகட்டுக்கும் இடையே ஒளி கசியுமாயின் பொருத்துவேலை செம்மையானதன்று. மடித்த அலகு நடுவே நிற்கின்றதா, ஒருபக்கத் தகட்டை உரசுகின்றதா என்பதையும் பார்க்கவேண்டும். பக்கத்தகடு பித்தளையாயின் செந்துரு ஏறாது. பிடியின் எலும்போ மரமோ பிளாஸ்டிக்கோ எதுவாயினும், ஆணியைச் சுற்றி வெடிப்பு இருத்தலாகாது. பூட்டுள்ள கத்தியாயின், அலகைப் பூட்டி, விரல்கள் அலகு மடங்கும் வழியில் அகப்படாதவாறு பிடித்து, அதன் முதுகை மரப்பலகையொன்றின்மேல் மெல்ல அழுத்தவேண்டும். பூட்டு நழுவுமாயின் அக்கத்தியை அங்கேயே வைத்துவிடுவது நன்று. எவ்வளவு நல்ல பூட்டாயினும், விரலின் காவலைப் பூட்டிடமே ஒப்படைத்துவிடலாகாது.

வாங்கிய பின்னரும் கடமை உண்டு. கத்தியைச் செய்தவன் பாதியளவே செய்துவிட்டுப் போகிறான். மீதியை வைத்திருப்பவனே செய்யவேண்டும். பழம் வெட்டியபின் அலகைத் துடைத்து உலர்த்துதல், கீலில் ஒரு துளி எண்ணெய் விடுதல், மழுங்கத் தொடங்கும்போதே தீட்டுதல் ஆகிய இவை சிறு வேலைகள். மழுங்கிய கத்தி தீங்கற்றது என்று எண்ணுவது தவறு. அது வெட்டாதபோது கை மேலும் அழுத்தும். அழுத்திய கை வழுக்கும். வழுக்கிய அலகு எங்கே போய் நிற்கும் என்று எவராலும் சொல்லமுடியாது. அலகை நெம்புகோலாகவும் ஆணி பிடுங்கியாகவும் கையாளுவோர், அது முறிந்தபின் உருக்கைப் பழித்தல் நீதியன்று.

தொடக்கத்திற் கண்டவர் விரலிற் கட்டோடு மீண்டும் அதே கடைக்கு வருகிறார். இம்முறை அவர் பளபளப்பை நோக்கவில்லை. கத்தியொன்றைத் திறக்கிறார், மூடுகிறார். அலகு அடங்கும் ஓசையைக் கேட்கிறார். நுனியை அசைத்துப் பார்க்கிறார். அடியிலுள்ள குறியைப் படிக்கிறார். கடைக்காரர் அவரை இப்போது சற்று மரியாதையோடு நோக்குகிறார். அவர் எடுத்துச் செல்வது ஐந்து மடங்கு விலையுள்ள கத்தியுமன்று, முன்பு வாங்கிய மலிவுக் கத்தியுமன்று. இடைத்தரமான விலையில், ஆட்டமின்றி அடங்கும் ஒரு சாதாரணக் கத்தி. அதனைச் செய்தவன் எந்த நாட்டவன், எத்தகையவன் என்பதை அவர் ஒருபோதும் அறியப்போவதில்லை. ஆயினும் எவரும் காணாத இடத்தில் அவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறானா என்பதை, இன்னும் பத்தாண்டுகள் கழித்து அவர் சட்டைப்பையில் அக்கத்தி இருப்பதோ இல்லாததோ சொல்லிவிடும்.